பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு: 75 வாட்டுக்குள் என்ன முடியும்?

டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010, 9020, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1, லெனோவோ திங்க்சென்டர் எம்93பி. 2012, 2013 வாக்கில் கம்பெனிகளுக்கென்றே வந்த மெஷின்கள் இவை. இன்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஊர்ப்பக்கத்து சர்வீஸ் கடை வரை ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் கிடைப்பவற்றில் இந்த ரகம் நிறைய. நான்கு கோர் ஐ5, 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் கணக்கு வழக்குக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் இன்னும் தாராளமாக ஓடும். கேம், வீடியோ எடிட்டிங் என்று வரும்போதுதான் இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் கையை விரித்துவிடும்.

கார்டை வாங்கிவிட்டு அப்புறம் மெஷினைத் திறந்து பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. இந்தப் பெட்டிகளில் எந்தக் கார்டு போடலாம் என்பதை எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட்டின் அளவு, பயாஸ் (மெஷினைத் தொடக்கி வைக்கும், மதர்போர்டில் பதிந்த மென்பொருள்) மூன்றும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கின்றன. வாங்குபவர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் முதலில் மூடியைத் திறக்க வேண்டும், கடைக்குப் போவது அப்புறம்.

எஸ்எம்பிஎஸ் என்ன சொல்கிறது

7010 மினி டவரில் 275 வாட், 9020 மினி டவரில் 290 வாட் எஸ்எம்பிஎஸ் வரும். எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லிப் பெட்டியில் 7010க்கு 240, 9020க்கு 255. இவற்றில் எதிலும் கார்டுக்கென்று தனி 6 பின் வயர் கிடையாது. ஆக, கார்டு தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் மதர்போர்டில் அது செருகும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதிலும் 12 வோல்ட் லைனில் வருவது 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். மிச்சம் 3.3 வோல்ட்டில் வருகிறது. இந்த 75 வாட்தான் இந்த மெஷின்களின் எல்லைக்கோடு.

கணக்கு போட்டுப் பார்த்தால், ஐ5-4590 பிராசஸர் 84 வாட், கார்டு 75 வாட், மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வைத்தால் 200 வாட்டை ஒட்டி வரும். 290 வாட் எஸ்எம்பிஎஸ் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். 240 வாட் ஒல்லிப் பெட்டியிலும் ஏட்டுக் கணக்குப்படி தாங்க வேண்டும். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து கெப்பாசிட்டர் தளர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸை அந்த விளிம்பில் நிறுத்துவது சரியல்ல. அங்கே 50 வாட் கார்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கேம் தொடங்கிய சில நிமிடத்தில் நீலத்திரை கூட வராமல் மெஷின் சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால், டிரைவரைச் சந்தேகிக்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம்.

அசெம்பிள் செய்த பழைய மெஷின் என்றால் கதை வேறு. பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருக்கும், லேபிளில் 12 வோல்ட் லைனுக்கு எதிரே 16 ஆம்பியர் என்று இருக்கும். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். கேபினெட்டின் மேல் ஒட்டிய 450 என்ற எண் விற்பனைக்கானது, அந்த 192தான் உண்மையான கையிருப்பு.

இங்கே ஒரு ஆபத்தான குறுக்கு வழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 6 பின் கேட்கும் கார்டை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டு, சாட்டா பவரை, அதாவது டிஸ்க்குக்கு வரும் பவரை, 6 பின்னாக மாற்றும் வயரைத் தேடுவார்கள். சின்ன விலைக்குக் கிடைக்கும், கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பவை மூன்று மெல்லிய பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியருக்கானவை. மொத்தம் 54 வாட். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். பின் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, அச்சில் வார்த்த ரகமாக இருந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகிப் புகையும். 9020 போன்றவற்றில் இன்னும் மோசம்: டிஸ்க்குக்கான பவர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வராமல் மதர்போர்டு வழியாக வருகிறது. அந்த வயரில் கார்டை மாட்டினால் சுமை மதர்போர்டின் மேல்தான் விழும்.

உண்மையாகவே பெரிய கார்டு வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்ற வேண்டும். 7010 மினி டவரில் வழக்கமான 24 பின் கனெக்டர்தான், நல்ல கம்பெனி ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப்புகளின் பொது அளவு) எஸ்எம்பிஎஸ் அப்படியே உட்காரும். 9020 மினி டவரில் டெல்லின் சொந்த 8 பின் கனெக்டர். 24 பின்னை 8 பின்னாக மாற்றும் வயர் தனியாக வாங்க வேண்டும். அதே தலைமுறை எச்பியில் 6 பின், லெனோவோவில் 14 பின் என்று ஆளுக்கொரு வழக்கம். ஒல்லிப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமே வேறு, மாற்றுவதற்கு வழியில்லை.

அளவு

மினி டவரில் முழு உயரக் கார்டு போகும். ஸ்லாட்டின் பின் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒற்றை ஃபேன் கார்டுகள் பெரும்பாலும் 15 முதல் 17 செ.மீ., அவற்றால் தொல்லையில்லை. இரட்டை ஃபேன் கார்டு 20 செ.மீ. தாண்டும், சாட்டா வயர் குத்திக்கொண்டிருக்கும் இடத்தில் போய் முட்டும்.

ஒல்லிப் பெட்டிக்கு லோ புரொஃபைல் கார்டுதான். முழு உயரக் கார்டின் பின்பட்டை 12 செ.மீ., லோ புரொஃபைல் பட்டை 7.9 செ.மீ. புதுக் கார்டின் பெட்டியில் இரண்டு பட்டையும் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்தக் குட்டைப் பட்டை எங்கோ தொலைந்திருக்கும், அதைத் தனியாகத் தேடி அலைவது கார்டு தேடுவதைவிடப் பெரிய வேலை. பட்டை கையில் இல்லையென்றால் கார்டை எடுக்காதீர்கள். அடுத்தது தடிமன். எக்ஸ்16 ஸ்லாட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு காலி ஸ்லாட் இருந்தால் இரண்டு ஸ்லாட் அகலக் கார்டு உட்காரும். எஸ்எம்பிஎஸ்ஸோ கேபினெட் சுவரோ ஒட்டி இருந்தால் ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டுமே.

7010இல் இன்னொரு பொறி உண்டு. நீளமான ஸ்லாட் இரண்டு, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. நீலம்தான் முழு எக்ஸ்16. கறுப்பு பார்வைக்கு அதே நீளம், உள்ளே டேட்டா போகும் பாதை, அதாவது லேன், நான்கு மட்டும். கார்டு கறுப்பிலும் வேலை செய்யும், அதனால்தான் பலருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

எந்தக் கார்டு

ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி: 2019இல் வந்தது, 75 வாட். மினி டவருக்கு இன்றைக்கும் முதல் தேர்வு இதுதான். ஆனால் ஒரே பெயரில் 6 பின் உள்ளதும் இல்லாததும் விற்கிறது. படத்தைப் பார்த்து ஏமாறாமல் கார்டின் மேல் விளிம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட். பெரும்பாலான மாடல்களில் தனி பவர் கனெக்டர் கிடையாது. காசு இருந்தால் இந்தப் பெட்டிகளில் போடக்கூடியவற்றில் நல்ல ஒன்று. 8 ஜிபி 3050 என்பது வேறு கார்டு, அதற்கு 130 வாட் வேண்டும். கடைக்காரரிடம் வெறும் "3050" என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

ஒல்லிப் பெட்டிக்காரர்கள் கேம் கார்டு வரிசையிலேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள். என்விடியாவின் டி600, டி1000 என்ற வொர்க்ஸ்டேஷன் கார்டுகளைக் கவனிப்பதில்லை. டி1000இல் 1650இல் உள்ள அதே 896 கோர், 50 வாட், ஒற்றை ஸ்லாட், லோ புரொஃபைல். டி600 40 வாட். கேமும் ஓடும். மினி டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், எச்டிஎம்ஐக்கு மாற்றும் வயர் கூடவே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்பதால் ஆசை காட்டும். அதற்கு உள்ளது நான்கு லேன்தான், அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட்டை மனதில் வைத்துச் செய்தது. 4ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர் மெஷினில் உள்ளது 3.0 ஸ்லாட், வேகம் பாதியாகி நொடிக்கு 4 ஜிபி சுமாருக்கு இறங்கும். 2ஆம் தலைமுறை பிராசஸர் போட்ட மெஷினில் ஸ்லாட் 2.0, அதில் 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்து, மிச்சத்தை ராமிலிருந்து இந்தக் குறுகிய சந்து வழியாக இழுக்க ஆரம்பிக்கும்போது கேம் திக்கித் திணறும். வீடியோ என்கோடரும் இதில் இல்லை, ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு உதவாது.

ஜிடி 1030ஐப் படம் பார்ப்பதற்கும் இரண்டாவது மானிட்டருக்கும் வாங்கலாம், 30 வாட்தான். ஜிடிடிஆர்5 என்று எழுதியதையே வாங்குங்கள். அதன் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. அதே பெயரில் டிடிஆர்4 போட்டு ஒன்று விற்கிறார்கள், 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு. பெயரை மாற்றாமல் இப்படி விற்றதை என்னவென்று சொல்வது!

இன்டெல் ஆர்க் கார்டுகள் இந்த மெஷின்களுக்கு வேண்டாம். கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் எட்ட உதவும் ரீசைஸபிள் பார் என்ற வசதி பயாஸில் இல்லாவிட்டால் அவற்றின் வேகம் பெருமளவு படுத்துவிடும், இந்த வயது மெஷின்களில் அது இல்லை.

பிறகு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. பல வருடம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்த கார்டு. 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்கு என்விடியா புது கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். கையில் இருந்தால் ஓட்டுங்கள், புதிதாகக் காசு கொடுத்து வாங்க இப்போது காரணமில்லை.

செகண்ட் ஹேண்டில் பார்க்க வேண்டியவை

2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸைத் திருத்தி 1050 டிஐ என்று காட்ட வைத்து விற்கும் வேலை ரொம்ப நாளாக நடக்கிறது. விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். போலி என்று தெரிந்தால் பெயருக்கு முன்னால் அதுவே எழுதிக் காட்டும். 1050 டிஐ என்ற கார்டில் விஜிஏ போர்ட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள், அந்தத் தலைமுறைச் சிப்பில் அனலாக் அவுட்புட்டே கிடையாது. ஆர்எக்ஸ் 580 வாங்குவோர் 2048எஸ்பி என்ற ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது 580 சட்டை போட்ட 570.

கடையிலேயே கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள். திரையில் கட்டம் கட்டமாக நிறம் சிதறினால் மெமரி போயிருக்கிறது. ஃபேனை விரலால் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் தேய்ந்த கார்டு. ஹீட்சிங்க் ஸ்க்ரூவின் தலை சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்கள். கழற்றியது பேஸ்ட் மாற்றவா, சிப்பைச் சூடுகாட்டி உயிர்ப்பிக்கவா என்று அவர்களுக்குத்தான் தெரியும். கடலோர ஊர்களில் ஓடிய கார்டுகளின் போர்ட் உலோகத்தில் துரு ஏறியிருக்கும், அதையும் பாருங்கள்.

மாட்டுவதற்கு முன்

பழைய மெஷின்களில் விண்டோஸ் பெரும்பாலும் லெகஸி எனப்படும் பழைய பூட் முறையில் ஏற்றியிருப்பார்கள். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் பயாஸ் மோட் என்ற வரியில் தெரியும். புதிய கார்டுகள் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையை எதிர்பார்க்கின்றன. லெகஸியில் சிலது ஓடும், சிலது கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் போதுமே என்று மாற்றிவிட்டால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் இருப்பதால் விண்டோஸ் பூட் ஆகாது. விண்டோஸ் 10இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் யுஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றும். மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் அது மறுத்துவிடும். பேக்கப் எடுக்காமல் இதைத் தொடாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு உட்கார்ந்துகொள்ளும்.

கம்பெனி தளத்தில் உள்ள கடைசி பயாஸை, பழைய நிலையிலேயே, கார்டு மாட்டுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். யுபிஎஸ் இணைப்போடுதான். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டோடு போச்சு. ஏற்கெனவே வேறு கார்டு இருந்தால் சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்து அதன் டிரைவரைத் துடைத்தெடுங்கள். வெறும் இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால் அது தேவையில்லை.

மாட்டுவது

ஷட்டவுன் செய்து, பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் தேங்கியது வடியும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். எர்த் சரியில்லாத வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். அப்படிப்பட்ட ப்ளக்கில் மெஷினைச் செருகி வைத்துக்கொண்டு ஸ்டேட்டிக்குக்காகத் தொடுவது விபரீதம், கார்டும் போகலாம்.

திறந்த கையோடு தூசியை அடியுங்கள். ப்ளோயர் வைக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பயாஸ் பேட்டரியையும், சிஆர்2032, இப்போதே மாற்றிவிடலாம். பத்து வருடப் பேட்டரி என்றைக்காவது செட்டிங்கை மறந்து, நீங்கள் மாற்றிய யுஇஎஃப்ஐயை மறுபடி லெகஸி ஆக்கி வைக்கும், அன்றைக்குக் கார்டு கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

பின்தகட்டின் தாழ்ப்பாளைத் திறந்து, தகட்டை எடுத்து, ஸ்லாட் நுனியில் உள்ள கொக்கியைத் தள்ளி வைத்து, கார்டின் இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். கொக்கி "டக்" என்று மேலேற வேண்டும். தாழ்ப்பாளை மூடும்போது கார்டின் பின்முனை கொஞ்சம் தூக்கிக்கொள்வது உண்டு, மூடிய பிறகு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

படம் வரவில்லை என்றால்

மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், சர்வீஸுக்கு வரும் "டிஸ்ப்ளே வரல" புகார்களில் இதுவும் ஒன்று. கார்டு போட்டதும் இந்த மெஷின்களில் பல உள்ளமைந்த கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் பயாஸில் மல்டி டிஸ்ப்ளேயை இயக்க வேண்டும்.

மானிட்டர் விஜிஏ மட்டும் உள்ளதா? டிவிஐ-டி போர்ட்டில் சாதாரண விஜிஏ மாற்றி நுழையாது, தட்டைப் பின்னைச் சுற்றியுள்ள நான்கு துளை அதில் இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ ஆக்கும், உள்ளே சிப் உள்ள மாற்றி வேண்டும்.

அதற்கும் வரவில்லை என்றால் கார்டைக் கழற்றி, தங்க முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். ராமையும் அப்படியே. பெட்டிக்குள் கை போகும்போது ராம் அசைவதும், அதற்குக் கார்டு மேல் பழி விழுவதும் சகஜம். பிறகு பயாஸ் பேட்டரியைக் கழற்றி சில நிமிடம் விட்டுப் போடலாம். போட்டபின் யுஇஎஃப்ஐ செட்டிங் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்டைக் கழற்றியதும் மதர்போர்டில் படம் வந்துவிட்டால், மிஞ்சியிருப்பது கார்டு பழுது அல்லது மேலே சொன்ன லெகஸி சிக்கல். வேறொரு மெஷினில் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

ஓடத் தொடங்கிய பிறகு

டிரைவரை என்விடியா, ஏஎம்டி தளத்திலிருந்து நேரடியாக எடுங்கள். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தில் 3.0க்குப் பதில் 1.1 என்று தெரிந்தால் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி டெஸ்ட் ஓட்டினால் உண்மை வேகம் வரும். அப்போதும் எக்ஸ்16 கார்டுக்கு எக்ஸ்4 என்றோ எக்ஸ்8 என்றோ காட்டினால் ஸ்லாட் மாறியிருக்கிறது, அல்லது கார்டு சரியாக உட்காரவில்லை.

கேம் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லையா? ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ரேட் ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் தடை பிராசஸர் பக்கம், இன்னும் பெரிய கார்டு வாங்கினாலும் அதே எண்தான் வரும். 9020இல் ஐ5ஐ எடுத்துவிட்டு ஐ7-4770 அல்லது 4790 போடலாம், நான்கு கோர் எட்டு திரெட் ஆகும், அதற்கு மேல் அந்த மதர்போர்டில் போக இடமில்லை. அதற்கு முன் ராமைப் பாருங்கள். ஒரே 8 ஜிபி ராம் ஒற்றையாக இருந்தால் மெமரி வேகம் நொடிக்கு 12.8 ஜிபி, அதே டிடிஆர்3 1600 ராமை இரண்டாகப் போட்டால் 25.6. இன்னொரு ராம் ஐ7ஐவிட மிக மலிவு, திக்கல் குறைவது கண்ணுக்கே தெரியும்.

யுபிஎஸ்ஸையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்டுக்கானது. 75 வாட் கார்டு மெஷினும் மானிட்டரும் அதற்குள் அடங்கும், ஆனால் பழைய பேட்டரி முன்பு தந்த பத்து நிமிடத்தைத் தராது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ் ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உடனே மெஷின் அணைந்தால் மாற்ற வேண்டியது யுபிஎஸ் பேட்டரியை.